இருபத்தொரு தையல்

எங்க பக்கத்துல ஒருத்தனுக்கு அடிபட்டா யாரும் முதல்ல ‘ஆளு எப்படி இருக்கான்’னு கேக்க மாட்டாங்க. ‘எத்தனை தையல்?’னுதான் கேப்பாங்க. மூணுன்னா சின்ன காயம், நின்னபடியே விசாரிச்சுட்டுப் போயிடுவாங்க. பத்துன்னா ‘ஐயோ’ன்னு உக்காந்துக்குவாங்க. பதினஞ்சைத் தாண்டிச்சுன்னா சாத்துக்குடி வரும். ஒரு தையலும் போடலைன்னா? ஒண்ணு அது காயமே இல்ல, இல்லாட்டி வைத்தியம் பார்த்தவங்களுக்கு ஒரு எழவும் தெரியல. இந்தக் கணக்கை வச்சுகினுதான் ஊரு என்னை ஒரு வாரம் எடை போட்டுச்சு. அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கல. அடங்கவும் வேணாம்.

சூரனோட சண்டை போட்ட கோபம் முருகனுக்கே தணிஞ்சது எங்க திருத்தணி மலையிலதான்னு சொல்லுவாங்க. சாமிக்குத் தணிஞ்சிருக்கும். ஜெயிச்சுட்டு வந்தாரு, வந்த இடத்துல கல்யாணமும் ஆச்சு. நானும் சண்டையில இருந்துதான் திரும்பி வந்தேன். என்னை யாரும் மேளம் வச்சுக் கூப்பிடல.

நான் பொதட்டூர்பேட்டை பொண்ணு. வீட்டுக்குள்ளயே குழித்தறி. நைனா, அதான் எங்க அப்பா, லுங்கி நெய்ஞ்சுகினு இருந்தாரு. நான் மெட்ராஸ்ல நர்ஸ் வேலை கத்துகினு இருந்தப்ப, பர்மா பக்கத்து யுத்தத்துக்கு நர்ஸுங்க வேணும்னு கேட்டாங்க. பேரைக் குடுத்துட்டேன். வீட்டைக் கேக்கல. கேட்டா விட்டுருவாங்களா இன்னா? மூணு வருஷம் மணிப்பூர் எல்லையில, மூங்கில் கொட்டாய் போட்ட பட்டாளத்து ஆஸ்பத்திரியில இருந்தேன். திரும்பி வந்தா தெருவுல எனக்குப் பேரு ‘பட்டாளத்துக்காரி’. ஆம்பளைங்க உடம்பைத் தொட்டவ, சிப்பாயுங்களோட சுத்தினவ. பொண்ணு கேட்டு ஒருத்தனும் எங்க வாசப்படி மிதிக்கல. நைனா என்னை ஒரு வார்த்தை திட்டினதில்ல. ஆனா அந்த மூணு வருஷம் நான் அங்க இன்னா பண்ணேன்னு ஒரு நாள்கூட கேட்டதும் இல்ல. அதுதான் எனக்கு வலிச்சது. திட்டியிருந்தா நானும் பதிலுக்குத் திட்டிட்டு மறந்திருப்பேன்.

அதனால ஊரை விட்டுட்டு திருத்தணிக்கு வந்து, மலையடிவாரத்துல ஒரு சின்ன ஆஸ்பத்திரியில வேலைக்குச் சேர்ந்தேன். திருத்தணி மெட்ராஸுக்கா ஆந்திராவுக்கான்னு பெரிய மனுஷங்க அடிச்சுகினு இருந்த வருஷங்க அது. நாலு கட்டில், ஒரு டாக்டரு, ஒரு கம்பவுண்டரு, நான். வர்றவங்க எல்லாம் படியில வழுக்கி விழுந்தவங்க, வெயில்ல மயங்கினவங்க, மொட்டை போடறப்ப கத்தி பட்டு ரத்தம் வழிய சந்தனத்தோட வந்து நிக்கறவங்க. மூணு வருஷம் குண்டடி பார்த்தவளுக்கு அது குழந்தை விளையாட்டு.

ஒரு சித்திரை மாசம் மத்தியானம், ஆர்.கே.பேட்டை ரோடு வழியா ஒரு மாட்டு வண்டி வந்து நின்னுச்சு. உள்ள வைக்கோல் மேல கிடந்தது என் பாவா, அக்கா புருஷன். பின்னாடியே அக்காவும் நைனாவும் அழுதுகினு இறங்கினாங்க. வீட்டுக்குன்னு இருந்த துண்டு நிலத்துல கிணறு வெட்டிகினு இருந்தாங்க. பாறையில வேட்டு வச்சாங்க, திரி எரிஞ்சும் வெடிக்கல. இந்த மனுஷன் ‘இன்னாடா இது’ன்னு கிட்டப் போய் எட்டிப் பார்த்திருக்காரு. அப்பதான் வெடிச்சுது. ஒரு கருங்கல் சில்லு லுங்கியைக் கிழிச்சுகினு இடது கெண்டைக்காலுக்குள்ள பூந்து வெளிய வந்திருக்குது. என் உள்ளங்கை முழுசா உள்ள போற அளவுக்குக் காயம். எலும்பு தப்பிச்சிருந்தது, அது ஒண்ணுதான் நல்ல சேதி.

நைனாவுக்கு அப்பவே முட்டி தேஞ்சு போச்சு. வீட்டுல தறி மிதிக்கிற காலு பாவாவோடதுதான். குழித்தறிக்குக் கை மட்டும் பத்தாது, குழிக்குள்ள ரெண்டு காலும் மாத்தி மாத்தி மிதிச்சாதான் துணி. அந்தக் காலு போச்சுன்னா பாவா மட்டும் நொண்டி இல்ல, அக்கா, ரெண்டு குழந்தைங்க, நைனா எல்லாருக்கும் அடுப்பு எரியாது. வண்டியில இருந்து இறக்கறப்ப பாவா என் கையைப் பிடிச்சுகினு கேட்டது ஒரே கேள்வி. ‘மிதிக்க முடியுமா?’

டாக்டரு சின்ன வயசு, நல்ல மனுஷன். காயத்தைக் கழுவிட்டு ஊசியில நூலைக் கோத்துட்டாரு.

‘தைக்காதீங்க சார்’னேன்.

‘இன்னாம்மா சொல்றே? இப்படி வாயைப் பொளந்துகினு இருக்குது, தைக்காம?’

‘இது வெடிக் காயம் சார். உள்ள மண்ணு இருக்குது, வேட்டு மருந்து இருக்குது, செத்த சதை இருக்குது. இன்னிக்குத் தைச்சா திருடனை உள்ள வச்சு வீட்டைப் பூட்டற மாதிரி.’

இது என் சொந்தச் சரக்கு இல்ல. மூங்கில் கொட்டாயில எங்க சர்ஜன் ஒரு மேஜரு, வடக்கத்திக்காரரு, அவரு பேச்சு. அதுக்கு முந்தின பெரிய யுத்தத்துல டாக்டருங்க குண்டுக் காயத்தை எல்லாம் வந்த அன்னிக்கே அழகாத் தைச்சாங்களாம். மேல பார்த்தா காயம் மூடியிருக்கும், உள்ள அழுகிகினு இருக்கும், ஆளு செத்துப் போவான். எத்தனையோ பசங்க செத்த பிறகுதான் பட்டாளத்து வைத்தியத்துக்குப் புத்தி வந்துச்சாம். செத்த சதையை எல்லாம் வெட்டி எறி, காயத்தைத் திறந்தே வை, துணியை அடைச்சுக் கட்டு, அஞ்சாம் நாள் பிரிச்சுப் பாரு, சுத்தமா இருந்தா அப்ப தை. எந்தச் சதை செத்தது எது உயிரோட இருக்குதுன்னு கண்டுபிடிக்க மேஜரு எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருந்தாரு: நிறம் பாரு, தொட்டா கெட்டியா இருக்குதா பாரு, கிள்ளினா சுருங்குதா பாரு, வெட்டினா ரத்தம் வருதா பாரு. இந்த நாலும் சிப்பாயுங்க உயிரைக் குடுத்து எழுதி வச்ச பாடம். அதை நான் ஒரு டவுனு டாக்டருக்காக விட்டுக் குடுக்கறதா?

வாக்குவாதம் ஆச்சு. கடைசியில அவரு, ‘சரி, உன் பட்டாளத்து வைத்தியமே பண்ணலாம். ஆனா ஏதாவது ஆச்சுன்னா பொறுப்பு உன் தலையில’ன்னாரு.

‘ஆங், என் தலையிலயே இருக்கட்டும்’னேன்.

அவரு வெட்டினாரு, நான் பக்கத்துல நின்னு ‘இன்னும் கொஞ்சம் சார், அது சுருங்கல சார்’னு பிடுங்கிகினே இருந்தேன். எல்லாம் முடிஞ்சதும் விரலை விட்டுத் துழாவி, வெளிப் பொருள் ஏதாவது மிச்சம் இருக்குதான்னு பார்க்கறது என் வேலை. துழாவினேன். ‘ஒண்ணும் இல்ல சார்’னேன். இந்த வார்த்தையை ஞாபகம் வச்சுக்குங்க. திறந்தே வச்சுக் கட்டுக் கட்டினோம், பென்சிலின் ஊசி போட்டோம். அன்னிக்கு சாயங்கால ரயில்ல டாக்டரு வீட்டு விசேஷத்துக்கு மெட்ராஸ் போயிட்டாரு. ஜுரமோ வலியோ ஏறினாத்தான் கட்டைத் தொடணும், இல்லாட்டி அஞ்சாம் நாள் வரைக்கும் யாரும் தொடக்கூடாதுன்னு அக்காகிட்டயும் நைனாகிட்டயும் நூறு தடவை சொன்னேன்.

மறுநாள் காலையில முதல் பஸ்ஸுலயே எங்க தெரு ஆளுங்க வந்து இறங்கிட்டாங்க, வாழைப்பழச் சீப்பும் கையுமா. கட்டிலைச் சுத்தி நின்னாங்க. கேள்வி வந்துச்சு.

‘எத்தனை தையல்?’

நைனா தரையைப் பார்த்தாரு. அக்கா முந்தானையைப் பார்த்தா. நான்தான் சொன்னேன், ‘ஒண்ணும் போடல’ன்னு. பொறுமையா விளக்கியும் சொன்னேன், ரெண்டு தடவை. ஒருத்தி கேக்கறா, ‘நெசவுக்காரன் வீட்டுப் பொண்ணு, கிழிசலை இப்படித் திறந்து போட்டு வைப்பாளா?’ இன்னொருத்தி, ‘பட்டாளத்துல தைக்கக் கத்துக்க அவளுக்கு எங்க நேரம் இருந்துச்சோ’ன்னு முனகி, பக்கத்துல இருந்தவளைப் பார்த்துச் சிரிச்சா. அந்தச் சிரிப்பு இன்னாத்துக்குன்னு எனக்குத் தெரியாதா? ‘பழத்தை வச்சுட்டு எல்லாரும் வெளிய போங்க, இது ஆஸ்பத்திரி, சந்தை இல்ல’ன்னு கத்திட்டேன். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? போறப்பவும் பேசிகினேதான் போனாங்க. ராத்திரி முழுக்க கண்ணு மூடாததால, கம்பவுண்டர்கிட்டச் சொல்லிட்டு நான் குளிச்சுத் தூங்க என் ரூமுக்குப் போனேன்.

நாலாம் நாள் காலையில பாவாவுக்கு ஜுரம். நாடி ஓடுது, மூஞ்சி சாம்பல் நிறம், காலு முழங்கால் வரைக்கும் வீங்கி மினுமினுங்குது. கட்டுக்கிட்ட குனிஞ்சா ஒரு வாடை. நான் கத்தரிக்கோலை எடுத்தேன். அக்கா குறுக்க வந்து நின்னுட்டா.

‘அஞ்சாம் நாள்தானே பிரிக்கணும்னே? இன்னிக்கு நாலுதானேடி?’

‘ஜுரம் வந்தா பிரிக்கணும்னு சொன்னேன் இல்ல? நகரு.’

‘வேணாம்டி!’ அவ முகத்துல இருந்தது பயம் இல்ல, திருட்டு முழி. அவளைத் தள்ளிட்டுக் கட்டைப் பிரிச்சேன்.

உள்ள வெள்ளைப் பட்டு நூலு. கீழ இருந்து மேல வரைக்கும் ஒரே இடைவெளி விட்டு, ஒரே அளவு முடிச்சு. எண்ணினேன், இருபத்தொண்ணு. சத்தியமா சொல்றேன், அவ்வளவு சீரான தையலை எந்த சர்ஜனும் போட்டு நான் பார்த்ததில்ல. 

திரும்பினேன். கதவுகிட்ட நைனா நின்னுகினு இருந்தாரு.

‘நான்தாம்மே தைச்சேன். அன்னிக்கு நீ தூங்கப் போன நேரத்துல, கம்பவுண்டரு டீ குடிக்கப் போனப்ப. நூலையும் ஊசியையும் கொதிக்க வச்சுதான் தைச்சேன். மஞ்சளும் வச்சேன். உங்கக்கா காலைப் பிடிச்சுகினா, மாப்பிள்ளை பல்லைக் கடிச்சுகினாரு.’

‘ஏன் நைனா? ஏன்? நூறு தடவை சொன்னேனே!’

‘உன்னை ஒண்ணும் தெரியாதவன்னு பேசறாங்கம்மே. கண்டபடி பேசறாங்க. எனக்குத் தாங்கல. மறுபடி வந்தவங்ககிட்ட, என் பொண்ணு இருபத்தொரு தையல் போட்டிருக்கான்னு சொல்லிட்டேன். எல்லாரும் வாயை மூடிகினாங்க.’

இத்தனை வருஷத்துல எனக்காக அந்த மனுஷன் ஊரை எதிர்த்துப் பேசின முதல் பேச்சு அது. அதுவும் பொய்யி. அந்தப் பொய்யைச் சொல்றதுக்காகத்தான் மருமவன் கால்ல ஊசியைக் குத்தியிருக்காரு. எனக்கு ஓன்னு அழணும்னும் இருந்துச்சு, பிடிச்சு உலுக்கணும்னும் இருந்துச்சு. ரெண்டுக்கும் நேரம் இல்ல.

வீக்கத்து மேல விரலை வச்சு அழுத்திப் பார்த்தேன். யுத்தத்துல நாங்க ரொம்ப பயந்தது இதுக்குத்தான். சதைக்குள்ள காத்து சேர்ந்துட்டா, அழுத்தறப்ப அப்பளத்தை நொறுக்கற மாதிரி விரலுக்குத் தெரியும். தெரிஞ்சா காலை வெட்டணும், அதுவும் சில நேரம் பத்தாது. ஒவ்வொரு விரக்கடையா அழுத்தினேன். நொறுங்கல. இன்னும் கொஞ்சம் நேரம் கைவசம் இருந்தது.

கம்பவுண்டரு கத்தியை எடுக்க விடல. ‘டாக்டரு நாளைக்கு வந்துருவாரு. இல்லாட்டி வேலூருக்கு அனுப்பிடலாம். நர்ஸ் கத்தி வச்சா நம்ம ரெண்டு பேருக்கும் ஜெயிலுதாம்மா.’

‘இப்ப வண்டி பிடிச்சு வேலூர் போய்ச் சேர்றதுக்குள்ள காலு கெட்டுடும். அப்புறம் அவங்களால வெட்டத்தான் முடியும். என்னை நாளைக்கு ஜெயில்ல போடட்டும். இன்னிக்கு நீங்க மயக்க மருந்தைச் சொட்டு சொட்டா விடுங்க, போதும்.’

‘பட்ட காலிலே படும்னு சரியாத்தான் சொன்னாங்க’ன்னு அக்கா தலையில அடிச்சுகினா. ‘தைச்சதை ஏன்டி பிரிக்கறே, அப்படியே ஆறிடும்டி’ன்னு என் கையைப் பிடிச்சா. நான் பாவாகிட்டக் குனிஞ்சேன். காலு அவரோடது, அவரைத்தான் கேக்கணும்.

‘தையலைப் பிரிச்சு மறுபடி வெட்டணும் பாவா. அப்படியே விட்டா காலு நிக்காது. பிரிச்சா நிக்கலாம். நிச்சயம்னு சொல்ல மாட்டேன்.’

‘மிதிக்க முடியுமா?’

‘முடியலாம்.’

‘பிரி’ன்னாரு.

அக்காவை வெளிய விட்டுக் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். நைனாவும் வெளிய போகத் திரும்பினாரு. ‘நீ எங்க போறே? கையைக் கழுவிகினு வா. நீ தைச்சதை நீயே பாரு’ன்னேன். தண்டனையாத்தான் சொன்னேன், மறைக்க மாட்டேன். காயத்தோட ரெண்டு ஓரத்தையும் கொக்கியால இழுத்துப் பிடிக்க ஒரு ஆளும் வேணும். அவரு கை நடுங்காதுன்னு எனக்குத் தெரியும்.

இருபத்தொரு முடிச்சையும் ஒவ்வொண்ணா வெட்டினேன். கடைசி முடிச்சு விட்டதும் சீழும் கெட்ட ரத்தமும் பொங்கி என் மணிக்கட்டு வரைக்கும் வந்துச்சு. நைனா கொக்கியை விடல. கழுவினேன். கருத்த சதையைப் பிடிச்சு வெட்டினேன், கிள்ளினேன், சுருங்காததை வெட்டினேன், ரத்தம் வர்ற வரைக்கும் வெட்டினேன். மேஜரு குரலு காதுக்குள்ள கேட்டுகினே இருந்துச்சு. எல்லாம் சிவப்பா ஆச்சு. ஆனா வாடை போகல. எங்க இருந்து வருதுன்னு எனக்குப் புரியல.

அப்பதான் நைனா பேசினாரு. ‘அங்க ஒரு இழை இருக்குதும்மே.’

‘எங்க?’

‘அடியில, எலும்பு ஓரமா. இழை ஓடுது பாரு. நீலம்.’

எனக்குத் தெரியல. ரத்தத்துல எல்லாம் ஒரே நிறமாத்தான் தெரியுது. நாப்பது வருஷம் அறுந்த இழையைத் தேடிப் பிடிச்சு முடிச்சுப் போட்ட கண்ணு அவருது. அவரு தாடையால காட்டின இடத்துல இடுக்கியை விட்டு இழுத்தேன். ரெண்டு விரல் அகலத்துக்கு ஒரு லுங்கித் துண்டு வந்துச்சு, கசங்கி, நாத்தமடிச்சு. கல்லு போறப்ப துணியையும் உள்ள இழுத்துகினு போயிருக்குது. யுத்தத்துல சிப்பாய் சட்டைத் துணியைத் தேடாம நாங்க ஒரு காயத்தை விட்டதில்ல. பாவா காயத்துல மட்டும் ‘ஒண்ணும் இல்ல சார்’னு சொன்னவ நான்தான். யானைக்கும் அடி சறுக்கும்னு என்னை நானே சமாதானம் பண்ணிக்கலாம். பண்ணிக்கல. நைனா தைச்சது தப்புதான், ஆனா அந்தத் துணியை உள்ள விட்டது என் தப்பு. தைக்காம இருந்திருந்தாலும் அது சீழ் வச்சிருக்கும்.

‘இது நான் நெய்ஞ்ச லுங்கி’ன்னாரு நைனா.  திறந்தே வச்சுக் கட்டினேன்.

மறுநாள் டாக்டரு வந்தாரு. கம்பவுண்டரு எல்லாத்தையும் கொட்டிட்டாரு. ‘நர்ஸுக்குக் கத்தி பிடிக்க யாரு அதிகாரம் குடுத்தா?’ன்னு ஆஸ்பத்திரி அதிரக் கத்தினாரு.

‘பொறுப்பை என் தலையில வச்சுட்டுப் போனீங்க இல்ல சார்? தலையில பொறுப்பு, கையில மட்டும் ஒண்ணும் இருக்கக்கூடாதா? நேத்து காலையில நீங்க எங்க இருந்தீங்க?’

அவரு கட்டில்கிட்டப் போனாரு. ஜுரம் இறங்கியிருந்ததைப் பார்த்தாரு, வீக்கம் வாங்கியிருந்ததைப் பார்த்தாரு, கட்டைத் தொடாம விட்டாரு. நான் மறுபடி கட்டினதுல இருந்து அஞ்சாம் நாள் ரெண்டு பேருமாப் பிரிச்சோம். மாதுளை முத்து மாதிரி சிவந்து, சுத்தமா, ஒரு வாடை இல்லாம இருந்துச்சு. அப்ப தைச்சாரு. என்னை வேலையை விட்டு அனுப்பல, பாராட்டவும் இல்ல. ‘இனிமே கத்தியைத் தொட்டேன்னா பாரு’ன்னாரு. அதுக்கப்புறமும் ரெண்டு தடவை தொட்டேன். ரெண்டு பேரும் பிழைச்சுகினாங்க.

காலு நின்னா மொட்டை போடறேன்னு அக்கா வேண்டிகினு இருந்தாளாம். ஆடிக் கிருத்திகைக்கு மலை ஏறி முடியைக் குடுத்துட்டு வந்தா. முருகன்தான் காப்பாத்தினான்னு ஊரே சொல்லுச்சு. சொல்லட்டும். முருகன் இன்னா, எங்க மேஜர்கிட்டயா பாடம் படிச்சான்? சாமிக்குத் தலைமுடியே குடுத்தவ, வேலை முடிச்சு வந்த எனக்கு ஒரு டம்ளர் காப்பி குடுக்கல. நானே போட்டுக் குடிச்சேன்.

ஆவணி மாசம் பொதட்டூர்பேட்டைக்குப் போனேன். தெருமுனையிலயே எங்க வீட்டுத் தறிச் சத்தம் கேட்டுச்சு. ஒரு மிதிக்கும் அடுத்த மிதிக்கும் நடுவுல கொஞ்சம் தாமதம். இடது காலு கொஞ்சம் மெதுவாத்தான் வந்துச்சு. ஆனா வந்துச்சு. உள்ள போனா பாவா குழியில உக்காந்து நெய்ஞ்சுகினு இருக்காரு. நைனா பக்கத்துல நூலு சுத்திகினு இருக்காரு. எனக்குப் பின்னாடியே எதிர்வீட்டுக்காரரு நுழைஞ்சு, பாவா காலைக் குனிஞ்சு பார்த்தாரு.

‘பெரிய தழும்பாச்சே! கடைசியில மொத்தம் எத்தனை தையலு?’

எனக்கு மூக்கு நுனியில கோபம் வந்துருச்சு. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள நைனா ராட்டையை நிறுத்திட்டாரு.

‘போட்டதைக் கேக்காதே. பிரிச்சதைக் கேளு. இருபத்தொண்ணு. நான் போட்ட தப்புத் தையலு, அத்தனையும் என் பொண்ணு பிரிச்சா. அன்னிக்கு அவ போட்டான்னு சொன்னேனே, அது பொய்யி. தெருவுல எல்லார்கிட்டயும் போய்ச் சொல்லு. போ.’

எதிர்வீட்டுக்காரரு போயிட்டாரு. பாவா தறியை நிறுத்தல. நைனா கையில இருந்த நூலைக் கீழ வச்சுட்டு என்னைப் பார்த்தாரு.

‘அங்க பர்மா பக்கத்துல மூணு வருஷம் இருந்தியே. அங்க இன்னா பண்ணே? சொல்லு.’

‘கேக்க இப்பதான் தோணுச்சா உனக்கு?’ன்னேன். கோபமாத்தான் சொன்னேன். அப்புறம் அவரு எதிருல தரையில உக்காந்து, முதல் நாள்ல இருந்து சொன்னேன்.